சாவி யார் கையில்? நேட்டால் தமிழர் அமைப்புகளும் இளைஞர் தலைமையும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் (இன்றைய குவாசூலு-நேட்டால் மாகாணம்) இந்தியப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் தானாக முன்வந்து கட்டித் தரவில்லை. கரும்புத் தோட்டத்திலும் ரயில்வேயிலும் மாநகராட்சித் துப்புரவுப் பணியிலும் இருந்தவர்கள் தங்கள் கூலியிலிருந்து எடுத்துவைத்த சில்லறையில் எழுந்த கட்டடங்கள் அவை. தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றதும் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் காவடியும் தீமிதியும் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு முன்னால் இந்தப் பள்ளிக் கமிட்டிகளின் வரவுசெலவுப் புத்தகங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். இன்று டர்பனைச் சுற்றியுள்ள தமிழர் குடியிருப்புகளில் "இளைஞர்கள் எங்கே?" என்று கேட்கப்படுகிற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கினார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள், தமிழரும் தெலுங்கரும். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகும் தங்கிவிட்டவர்களைத் திருப்பி அனுப்பவே 1895இல் ஆண்டுக்கு மூன்று பவுண்ட் தலைவரி விதிக்கும் சட்டம் வந்தது. ஓர் அரசு தன் குடிமக்களாகவே ஏற்க விரும்பாத கூட்டம் அது. பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், மயானம் என்று எதைக் கேட்டாலும் பதில் வராது என்று தெரிந்தவர்கள் கேட்பதோடு நிற்காமல் கட்டத் தொடங்கினார்கள். அம்பிலோ ஆற்றங்கரையில் 1875 வாக்கில் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மிஞ்சிய கதவுகளைக் காப்பாற்றி வைத்து, பிறகு டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் மறுபடியும் கட்டினார்கள்.

பள்ளிகளின் கதை இன்னும் நுணுக்கமானது. "அரசு உதவி பெறும் இந்தியப் பள்ளி" என்ற ஏற்பாட்டில், இடம் தேடுவதும் கட்டடச் செலவில் பெரும்பங்கைத் திரட்டுவதும் ஊர்க்காரர்களின் வேலை. அவர்கள் ஒரு பவுண்ட் வைத்தால் அரசு ஒரு பவுண்ட் வைக்கும். ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்கும். இந்திய அரசோடு செய்துகொண்ட 1927ஆம் ஆண்டு கேப்டவுன் ஒப்பந்தத்தில் இந்தியர் முன்னேற்றத்துக்கு உதவுவதாக அரசு வாக்களித்த பிறகும் நடைமுறையில் இந்தக் கணக்கே தொடர்ந்தது. அநியாயமான ஏற்பாடு, வெள்ளையர் பிள்ளைகளின் பெற்றோரிடம் யாரும் செங்கல் காசு கேட்கவில்லை. ஆனால் அந்த அநியாயத்துக்குள் ஒரு பயிற்சி நடந்தது. மானியம் வாங்க வேண்டுமென்றால் கமிட்டி வேண்டும். கமிட்டிக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும். ரசீது, கூட்டக் குறிப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள் இருபது வயதில் பள்ளிக் கமிட்டியின் செயலாளராகி, கல்வித் துறைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார்கள். படித்தவர்கள் இளைஞர்கள் மட்டுமே என்பதால் பொறுப்பை அவர்களிடம் கொடுப்பதைத் தவிரப் பெரியவர்களுக்கு வேறு வழியில்லை. இளைஞர் தலைமை என்று இன்று நாம் மேடை போட்டுப் பேசுவது அன்று தேவையின் நெருக்கடியில் தானாக நடந்தது.

1925இல் அமைந்த நேட்டால் இந்திய ஆசிரியர் சங்கம் தன் உறுப்பினர்களின் சம்பளத்திலிருந்தே பள்ளி கட்டப் பணம் திரட்டியது. டர்பனில் 1929இல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரி, இந்திய அரசின் முதல் முகவராக வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் திரட்டிய நன்கொடையில் எழுந்தது. கொல்லத்திலிருந்து 1890இல் ஒப்பந்தக் கூலியாக வந்த எம்.எல். சுல்தான் பின்னாளில் அள்ளிக் கொடுத்த பணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. இன்று அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதி. பெயர் பொறித்த பெரிய நன்கொடைகளை வரலாறு நினைவில் வைத்துக்கொள்கிறது. வெருலத்திலும் டொங்காட்டிலும் வாரம் ஒரு பென்னி கொடுத்தவர்களின் பட்டியல் பள்ளி அலமாரிகளில் மட்கிவிட்டது. என் பார்வையில் சமூகத்தைக் கட்டியது அந்தப் பென்னி. பெரிய நன்கொடை கட்டடத்தைத் தரும். சிறு நன்கொடை, "இது என்னுடையது, இதன் கணக்கைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது" என்று நினைக்கும் ஆயிரம் பேரைத் தரும்.

இளைஞர்கள் தங்கள் பெயரிலேயே தொடங்கிய அமைப்புகளும் உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் 1905இல் இந்து வாலிபர் சங்கம் தோன்றியது. தமிழ் வகுப்பும் வழிபாடும் சொற்பொழிவுமாக அது வளர்ந்தது. டர்பனில் 1912இல் இந்தி பேசும் இளைஞர்கள் ஆரிய யுவக் சபையைத் தொடங்கினார்கள். அவர்கள் 1921இல் திறந்த ஆதரவற்றோர் இல்லம் நூறாண்டு கடந்தும் மொழி பார்க்காமல் எல்லாரையும் ஏற்றுக்கொள்கிறது. வாலிபர்கள் நடத்திய சபை முதியவர்களுக்கு வீடு கட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும். இளைஞர் அமைப்பு இளைஞர்களுக்கான கேளிக்கையைத்தான் நடத்த வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

போராட்டக் களத்திலும் இதே முறைதான். ஜோகன்னஸ்பர்கில் தமிழ் நலச் சங்கத்தின் தலைவராக இருந்த தம்பி நாயுடு மொரிஷியஸில் பிறந்தவர். காந்தியின் சத்தியாக்கிரகத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் நடந்தது. ஏற்கெனவே ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் வந்து நிற்கும் பழக்கம் இருந்ததால்தான், சிறைக்குப் போகும்போது குடும்பத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு விடை இருந்தது. 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து போன 11 பெண்கள் நேட்டாலின் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ஜோகன்னஸ்பர்கிலேயே பிறந்த தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, விடுதலையான சில வாரங்களில், 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தாள். அவளுக்குச் சிலை வைத்துவிட்டோம். ஆனால் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் முடிவை அவளுடைய தாய் உட்பட ஒரு சமூகமே மதித்து ஏற்றது என்பதைச் சிலையில் பார்க்க முடிவதில்லை.

நிறவெறி ஆட்சி இந்தக் கட்டுமானத்தை அடியோடு பெயர்த்தது. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் கேட்டோ மேனரிலிருந்தும், மாநகராட்சித் தொழிலாளர் வசித்த மேகஸின் பாரக்ஸிலிருந்தும் மக்கள் 1960களில் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் குடியிருப்புக்கு ஏற்றப்பட்டார்கள். அடுத்த பத்தாண்டில் ஃபீனிக்ஸ் என்ற இன்னொரு குடியிருப்பு உருவானது. எண் போட்ட யூனிட்டுகள், ஒரே மாதிரி வீடுகள்; பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. மேகஸின் பாரக்ஸில் ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள் வெவ்வேறு யூனிட்டுகளில் சிதறினார்கள். அப்படியிருந்தும் சில ஆண்டுகளுக்குள் கோவில் கமிட்டி, தமிழ்ப் பாடசாலை, ஈமச் சடங்குச் சங்கம், கால்பந்துக் குழு எல்லாம் மீண்டும் முளைத்தன. எப்படி அமைப்பது என்பது கைப்பழக்கமாகியிருந்தது.

1980இல் நாடெங்கும் மாணவர்கள் பள்ளிகளைப் புறக்கணித்தபோது சாட்ஸ்வொர்த்தில் பதினைந்து வயதில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட குமி நாயுடு, பேவியூ பகுதி இளைஞர்களின் ஹெல்பிங் ஹேண்ட்ஸ் அமைப்பில் வேலை கற்றார். பின்னாளில் கிரீன்பீஸ், ஆம்னெஸ்டி ஆகிய உலக அமைப்புகளின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதே அமைப்பில் இருந்த அவருடைய நண்பர் லென்னி நாயுடு 1988இல் பாதுகாப்புப் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே 1980இல் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து டர்பன் வீட்டுவசதிப் போராட்டக் குழுவை அமைத்து, மாநகராட்சியின் வாடகை உயர்வை எதிர்த்தன. மூத்தவர்கள் கூட்டம் போட்டார்கள். இளையவர்கள் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொண்டுபோய் வாடகைக் கணக்கை விளக்கினார்கள். அரசியல் பயிற்சி என்றால் அதுதான்.

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு என்ன நடந்தது? நல்லதும் இழப்பும் சேர்ந்தே வந்தன. பள்ளியும் மருத்துவமனையும் அரசின் கடமை என்று ஆனது, ஆக வேண்டியதுதான். அதோடு ஊர்க் கமிட்டிகளின் வேலையும் குறைந்தது. படித்த பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்குக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள். தங்கியவர்களில் பலருக்கு வேலையில்லை. இந்த நாட்டில் 15 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் வேலை தேடுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலையற்றவர்கள். 2000களின் நடுவிலிருந்து "சுகர்ஸ்" என்று அழைக்கப்படும் மலிவான ஹெராயின் கலவை சாட்ஸ்வொர்த் வீடுகளுக்குள் நுழைந்தது. அதற்கு முன்பே, 2000 மார்ச்சில், பள்ளி விடுமுறைக்கு முன் நடந்த ஒரு பகல்நேர டிஸ்கோவில் யாரோ கண்ணீர்ப்புகைக் குப்பியை வெடிக்க, நெரிசலில் 13 குழந்தைகள் இறந்தார்கள். பிள்ளைகள் கூடுவதற்குப் பாதுகாப்பான ஓர் இடம்கூட அந்தப் பெரிய குடியிருப்பில் இல்லை என்பதை அந்தச் சாவுகள் காட்டின. நெல்சன் மண்டேலா நேரில் வந்தார்; அவர் உதவியோடு அங்கே ஓர் இளைஞர் மையம் எழுந்தது. போதைப்பொருளுக்கு எதிரான வேலைகளுக்கும் பின்னர் அது இடம் கொடுத்தது.

இன்று கோவில் அமைப்புகளில் இளைஞர்கள் இல்லை என்று சொல்வது தவறு. தைப்பூசத்துக்குப் பாருங்கள், தேர் அலங்காரம், தண்ணீர்ப் பந்தல், வாகன நிறுத்தம், நேரலை ஒளிபரப்பு எல்லாம் அவர்கள் கையில். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் நாளில் அடுப்படியில் நிற்பதும் அவர்கள்தான். பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் திரளும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது இளைஞர் படை இல்லாமல் முடியாது. ஆனால் காசோலையில் கையெழுத்து யாருடையது? அலுவலகச் சாவி யாரிடம் இருக்கிறது? ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவுசெலவை வாசிப்பவர் யார்? பல இடங்களில் முப்பது ஆண்டுகளாக ஒரே முகங்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் முன்வராத ஆண்டுகளில் விளக்கு அணையாமல் காத்தவர்கள் அவர்கள். இருந்தும், உழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்காத இடத்தில் இருபது வயதுக்காரர் ஏன் தங்க வேண்டும்? நூறாண்டுக்கு முன் பள்ளிக் கமிட்டி இளைஞனுக்குக் கொடுத்தது புத்தகத்தையும் பேனாவையும்; இன்று நாம் கொடுப்பது சீருடைச் சட்டையை.

ஒற்றுமை என்ற சொல்லை எச்சரிக்கையில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2021 ஜூலையில் குவாசூலு-நேட்டாலில் கலவரமும் கொள்ளையும் பரவியபோது போலீஸ் கண்ணில் படவில்லை. ஃபீனிக்ஸில் குடியிருப்போர் தெருமுனைகளில் தடுப்பு போட்டுக் காவலுக்கு நின்றார்கள். பயம் உண்மையானது, காவல் நின்றவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தைக் காக்கவே நின்றார்கள். ஆனால் அந்தத் தடுப்புகளில் சில, தோலின் நிறத்தைப் பார்த்து ஆளை நிறுத்தும் இடங்களாக மாறின. ஃபீனிக்ஸில் 36 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் அருகிலிருந்த பாம்பாயி, இனாண்டா போன்ற இடங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள். ஒரே இரவில் வாட்ஸ்அப் குழு அமைத்து, முறை போட்டு, ஆள் பிரித்து நிற்கத் தெரிந்த ஒரு சமூகத்தின் அமைப்புத் திறமைதான் அங்கேயும் வேலை செய்தது. அதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அமைப்புத் திறமைக்குத் தானாக ஒரு நெறி கிடையாது. அது யாரை உள்ளே சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் விளைகின்றன.

அந்த மண்ணில் வேறொரு பழைய வழியும் இருந்தது. காந்தி 1904இல் அமைத்த ஃபீனிக்ஸ் பண்ணைக் குடியிருப்புக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் சூலு கல்வியாளர் ஜான் டூபேயின் ஓலாங்கே பள்ளி 1901இலிருந்தே இயங்கியது. 1994இல் மண்டேலா தம் முதல் வாக்கை அங்கேதான் போட்டார். நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர் டாக்டர் மான்டி நாயக்கர் 1947 மார்ச்சில், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் யூசுஃப் தாதூவோடும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் டாக்டர் சூமாவோடும் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1949 ஜனவரிக் கலவரம் டர்பனில் 142 உயிர்களைக் குடித்த பிறகும் அந்த உறவை அவர்கள் விடவில்லை. 1970களில் ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்ற இளைஞர்கள் கறுப்பு உணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பீக்கோவோடு நின்று, தங்களைக் கறுப்பர் என்றே அழைத்துக்கொண்டு ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். சுவாமி சகஜானந்தா தொடங்கிவைத்த தெய்வநெறிக் கழகம் சூலு கிராமங்களில் பள்ளிகள் கட்டிக்கொடுத்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மாகாணத்தில் 430க்கும் மேற்பட்டோர் மாண்டு, டொங்காட்டின் குடிநீர் நிலையம் சிதைந்து, ஊர் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது. அந்த வரிசையில் சூலு, தமிழ், இந்தி பேசுவோர் எல்லாரும் ஒரே வாளியோடு நின்றார்கள். குழாய் உடைந்தால் எல்லாருக்கும்தான் உடைகிறது. பழுதுபார்க்கும் சங்கமும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இருக்க முடியும்.

இனி செய்யக்கூடியது என்ன என்றால், சட்டமே சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. நம்மவர்கள் அவற்றைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. 1996ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுகைக் குழு உண்டு. பெற்றோர் அதில் பெரும்பான்மை. எட்டாம் வகுப்போ அதற்கு மேலோ உள்ள பள்ளிகளில் மாணவர் பேரவை தேர்ந்தெடுத்த மாணவர்களும் அதில் உட்கார வேண்டும். பள்ளியின் மொழிக் கொள்கையை வகுப்பது இந்தக் குழுதான். 2024இல் வந்த திருத்தச் சட்டப்படி அதற்கு மாகாணக் கல்வித் துறையின் ஒப்புதலும் தேவை. அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அது மதிக்கப்பட வேண்டும் என்கிறது. 2014இல் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஐந்தும் விருப்பப் பாடங்களாக அனுமதிக்கப்பட்டன. அனுமதி தாளில் இருக்கிறது. ஒரு பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்குமா என்பது அந்தப் பள்ளியின் குழுவில் அதைக் கேட்க ஒரு பெற்றோரும் ஒரு மாணவரும் இருக்கிறார்களா என்பதில் இருக்கிறது. கேட்பவர்கள் அதே மூச்சில் சூலு வகுப்பையும் கேட்க வேண்டும் என்பேன். மாகாணத்தில் மிகுதியானோர் பேசும் மொழி தெரியாத தமிழ் இளைஞர் தன் தெருவுக்கு வெளியே யாருக்கும் தலைவராக முடியாது.

வார்டு குழுக்களும் அப்படித்தான். மாநகர மன்ற உறுப்பினர் தலைமையில் பத்துப் பேர் வரை அமரலாம்; தெருவிளக்கு, வடிகால், குப்பை, பூங்கா எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. காவல் நிலையம் ஒவ்வொன்றுக்கும் சமூகக் காவல் மன்றம் அமைய 1995ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. 2021இல் தெருமுனையில் தடியோடு நின்றவர்களில் பாதிப்பேர் அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்த மன்றத்தில், பாம்பாயிலிருந்து வந்தவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம் என்று நான் நம்புகிறேன்.

கோவில்களுக்கும் சங்கங்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. விதிமுறையைத் திருத்தி, நிர்வாகப் பொறுப்புகளில் மூன்றில் ஒன்றை 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒதுக்குங்கள். இந்த நாட்டின் இளைஞர் கொள்கை சொல்லும் வயது வரம்பு அதுதான். அதில் பெண்கள் பாதியாவது இருக்கட்டும். துணைப் பொருளாளர் பதவியையும் இரண்டாவது கையெழுத்தையும் அவர்களுக்கே கொடுங்கள். பதவிக்காலத்துக்கு வரம்பு வையுங்கள். விலகும் மூத்தவர் ஓராண்டு பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்கட்டும்; நில ஆவணம் எங்கே இருக்கிறது, மாநகராட்சியில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் குடும்பத்தில் எந்தப் பிணக்கு என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத அறிவு. தவறு நடக்கும், கணக்கு ஒரு முறை பிசகும். அந்தச் செலவை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

2021 நவம்பரில் தேர்வான மாநகர மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2026 நவம்பரில் முடிகிறது. தேர்தலுக்குப் பின் வார்டு குழுக்கள் புதிதாக அமையும். மூன்றாண்டுக்கு ஒரு முறை நடக்கும் பள்ளி ஆளுகைக் குழுத் தேர்தல் கடைசியாக 2024இல் நடந்தது, அடுத்தது 2027இல். வேட்பாளரை முன்மொழியப் படிவம் ஒன்று போதும்; அந்தப் பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் எந்தப் பெற்றோரும் கேட்டு வாங்கலாம்.